தீராத நோயும் மனசுக்கு ஒரு துணையும்: புதிதாகத் தேடுகிறவர்களுக்குப் பதினான்கு அறிவுரைகள்

சுகர், முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இதயநோய் என்று ஏதோ ஒன்று வந்து, "இது வாழ்நாள் முழுக்க இருக்கும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். உடம்புக்கு டாக்டரைத் தேட புத்தலப்பட்டுக்காரர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. தெற்கே போனால் சித்தூர், அதைத் தாண்டினால் வேலூர். இன்னொரு பக்கம் திருப்பதி. எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி பஸ்ஸைப் பிடித்தால் ஓ.பி. சீட்டு கிடைக்கும் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். அந்த நோயோடு வாழ்ந்து மனசு நொந்துபோனால் யாரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கள், அதே டீக்கடை பேச்சை மாற்றிவிடும்.

நான் முடக்குவாதத்தோடு வெகுகாலமாக வாழ்கிறவன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்காரும் புதியவர்களோடு பேசுவது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து. மனநல ஆலோசகர் உங்கள் நோயைத் தீர்ப்பவர் அல்ல. தீராத நோயை வைத்துக்கொண்டு வாழ உதவுகிறவர். "தீர்த்துவிடுகிறேன்" என்பவரும் வேண்டாம், "உனக்கு நோயே இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்பவரும் வேண்டாம்.

1. முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள்

மனச்சோர்வு போலத் தெரிவதெல்லாம் மனச்சோர்வு இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எதிலும் பிடிப்பில்லாமல் போகும். ரத்தசோகையில் எழுந்து நடக்கவே தோன்றாது. சுகருக்கு நெடுநாள் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் களைப்பும் மறதியும் வரும். முடக்குவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். எரிச்சலையும் அழுகையையும் கொண்டுவரும். ஆகவே, நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமே முதலில் சொல்லுங்கள்: "மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, இது மாத்திரையாலா, ரத்தத்தில் ஏதாவது குறைவா?" அதற்காக ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

2. மனசு சோர்வது உங்கள் பலவீனம் அல்ல

சுகர் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மனச்சோர்வு வருகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடையை விடுவார், சாப்பாட்டில் கட்டுப்பாடு போகும், சுகர் ஏறும். சுகர் ஏறினால் மனசு இன்னும் சோரும். இந்தச் சுழற்சியை உடைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னை, விசாகப்பட்டினம், பெங்களூர், தில்லி ஆகிய நான்கு ஊர்களின் சுகர் கிளினிக்குகளில் 404 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. டாக்டர் அல்லாத பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு தொடர்ந்து பேசி, சுகரையும் மனசையும் சேர்த்தே கவனித்தார். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட, இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் அதிகம் பேர் மனச்சோர்விலும் உடல்நிலையிலும் ஒருசேர முன்னேறினார்கள். இரண்டையும் தனித்தனி நோயாகப் பிரித்துப் பார்ப்பது ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் வசதிக்காகத்தான்.

நம் பக்கத்துப் பழைய செய்தி ஒன்றையும் சொல்கிறேன். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் காசநோய் சானடோரியம் தொடங்கியது. அந்தக் காலத்தில் நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். ஒரே நோய் உள்ளவர்கள் ஒரே வார்டில் பேசிக்கொண்டு கிடந்தார்கள். 1950களின் இறுதியில் மதராஸில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று காட்டியது. ஏழைகளுக்கு அது பெரிய வரம். இன்று தீராத நோய்க்காரர் எல்லோரும் வீட்டில் இருந்துதான் வைத்தியம் பார்க்கிறோம். வைத்தியம் வீட்டுக்கு வந்தது. பக்கத்துப் படுக்கையின் பேச்சுத்துணை வரவில்லை. அந்த இடத்தை நாமே தேடித்தான் நிரப்ப வேண்டும்.

3. யார் யார், எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு விதமானவர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மாத்திரை எழுத அவரால்தான் முடியும். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை தருவார். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். மனநல சமூகப் பணியாளர் குடும்பம், வேலை, பணம், அரசு உதவி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர்; பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பார். நான்காவது, கவுன்சிலர் என்று போர்டு வைத்திருப்பவர். இவர்களில் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்ற நல்லவர்கள் உண்டு. ஒரு வாரச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. "என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முறையாகப் படித்தவர் கோபப்படமாட்டார்.

4. போகிற ஆஸ்பத்திரியிலேயே தொடங்குங்கள்

புதிதாக ஓர் ஊர், புதிதாக ஒரு கட்டடம் என்று அலைய வேண்டாம். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ திருப்பதி ஸ்விம்ஸுக்குப் போகிறவர், தம் டாக்டரிடமே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லலாம். அதே ஊரில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ரூயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேயும் மனநலத் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களுக்கு, அதன் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. காட்பாடி, பாகாலா, திருப்பதி ரயில்பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. இரண்டு பக்கமும் எட்டிவிடலாம். பக்கத்திலேயே முடிய வேண்டும் என்றால் சித்தூர் மாவட்ட ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

ஒரே ஆஸ்பத்திரியில் பார்ப்பதில் பெரிய லாபம், உங்கள் ஃபைல் ஒன்றாக இருக்கும். இரண்டு டாக்டர்களும் ஒரே சீட்டைப் பார்ப்பார்கள். பெயர் பெற்ற நிபுணர் தூரத்தில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அதனால் பயனில்லை. மாதம் இரண்டு தடவை போய்வரக்கூடிய இடத்தில் இருக்கும் சாதாரண ஆலோசகர் மேல்.

5. அழுகிற மொழியில் பேசுகிறவரைத் தேடுங்கள்

நம் ஊரில் ரேஷன் கார்டு தெலுங்கில், ஆஸ்பத்திரி ஃபைல் இங்கிலீஷில், வீட்டில் சண்டை தமிழில். தெலுங்கு நமக்குச் சரளமாக வரும். கடையிலும் கச்சேரியிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் "இந்தக் கையால் என் பேரப்பிள்ளையைத் தூக்க முடியவில்லை" என்பதைத் தாய்மொழியில்தான் முழுசாகச் சொல்ல முடியும். முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "தமிழில் பேசலாமா?" ஆந்திரத்துப் பக்கம் தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைக்காவிட்டால் வேலூர்ப் பக்கம் பாருங்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் இதே சொல்தான், திசை மட்டும் மாறும். மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதையே நீங்கள் விழுங்கிவிடுவீர்கள்.

6. போனில் பேசுவதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள்

மூட்டு வீங்கிய நாளில் பஸ் ஏற முடியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவருக்கு நான்காவது பயணம் தாங்காது. இவர்களுக்கு வீடியோ வழிச் சந்திப்பு நல்ல வழி. தொலைமருத்துவம் நமக்கு அந்நியமானதும் அல்ல. நம் புத்தலப்பட்டுத் தொகுதியிலேயே இருக்கும் அரகொண்டாவில்தான் அப்போலோ தன் கிராமத் தொலைமருத்துவ மையத்தை ஏற்படுத்தியது; 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அதைத் தொடங்கி வைத்தார். 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு முறையான நெறிமுறைகளை வெளியிட்டது. டாக்டர் வீடியோவில் பார்த்து மருந்துச்சீட்டு அனுப்புவது இன்று சட்டப்படி செல்லும்.

காசில்லாமல் தொடங்க டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416. 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய மத்திய அரசின் சேவை. இரவும் பகலும் உண்டு. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், பக்கத்தில் எங்கே போகலாம் என்றும் சொல்வார்.

போனில் பேசுவதில் ஒரே தொல்லை, வீட்டில் தனிமை கிடைக்காது. மாந்தோப்புக்குப் போங்கள், மாடிக்குப் போங்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். "ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாதீர்கள்" என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

7. முதல் சந்திப்புக்குத் தயாராகப் போங்கள்

நோயின் பெயர், எப்போது வந்தது, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், ஆயுர்வேதம் சித்தா உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எது உங்களை அதிகம் வாட்டுகிறது என்று ஒரே ஒரு வரியும் எழுதுங்கள். வலியா, வேலை போய்விடுமோ என்ற பயமா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பா, கல்யாணம் நடக்காதோ என்ற கவலையா? பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை:

"இந்த நோய் உள்ளவர்களோடு முன்பு வேலை செய்திருக்கிறீர்களா?"
"என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள்? எத்தனை சந்திப்பு தேவைப்படும்?"
"உடம்பு முடியாமல் வர முடியாத நாளுக்கும் கட்டணம் வாங்குவீர்களா?"
"தேவையானால் என் டாக்டரோடு பேசுவீர்களா?"

மூன்றாவது கேள்வி தீராத நோயாளிகளுக்கென்றே உள்ளது. நல்ல உடம்புக்காரர் சொன்ன நாளில் வந்துவிடுவார். நமக்கு நாளைக் காலையே எப்படி விடியும் என்று தெரியாது. அதைப் புரிந்துகொள்கிற ஆலோசகர்தான் நமக்கு வேண்டும். ஒரு சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றால் முதலிலேயே சொல்லி, நடுவில் எழுந்து நடக்க அனுமதி கேளுங்கள்.

8. மாத்திரை எழுதினால் பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

மனச்சோர்வு மாத்திரை அன்றே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கிப் போடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். நன்றாக ஆனதும் தானாகவே நிறுத்துகிறவர்களும் அதே அளவு. இரண்டும் தவறு, குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொன்னபடிதான்.

தீராத நோய்க்காரர் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மருந்துக்கு மருந்து மோதும். வலிக்கு டிரமடால் சாப்பிடுகிறவருக்குச் சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் ஆபத்து வரலாம். லித்தியம் சாப்பிடுகிறவர் மெடிக்கல் ஷாப்பில் தானாக வலிமாத்திரை வாங்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு லித்தியம் கொடுப்பதே யோசித்துச் செய்ய வேண்டியது. எழுதி எடுத்துப்போன அந்தத் தாளை ஒவ்வொரு டாக்டரிடமும் நீட்டுங்கள்.

9. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தனிநேரமும் கேளுங்கள்

மனநோயாளியைக் குடும்பத்தைவிட்டுப் பிரித்துப் பூட்டிவைத்த காலத்தில், அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களையும் தங்க வைத்தார். 1957இல் வேலூரில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் தங்குவதே முறையாயிற்று. உலகம் பின்னால் பாராட்டிய இந்த முறை நம் வீடுகளுக்கு இயல்பானது. உங்கள் நோய் என்ன செய்கிறது, கோபம் ஏன் வருகிறது, எப்போது உதவி வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்று ஆலோசகர் முன்னால் வைத்துப் பேசினால் வீட்டில் பாதிச் சண்டை ஓயும்.

ஆனாலும் எல்லாச் சந்திப்பிலும் உறவினர் உட்கார வேண்டாம். நீங்கள் மட்டும் பேசும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பாகப் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். மாமியாரும் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, எந்தத் தங்கச்சியும் உண்மையைச் சொல்லமாட்டாள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நீங்கள் சொல்வதை ரகசியமாக வைப்பதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில்தான் அதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்குகள் எவை என்று முதல் நாளே ஆலோசகரிடம் கேட்டு வையுங்கள்.

10. கோயிலுக்கும் போங்கள்

காணிப்பாக்கம் பிள்ளையார் முன் சத்தியம் செய்து குடியை விட்டவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். நம்பிக்கை தரும் பலத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். நேர்த்திக்கடன் இருந்தால் செலுத்துங்கள். மசூதி, மாதா கோயில் என்று உங்களுக்கு எது ஆறுதலோ அங்கே போங்கள். "மாத்திரையை நிறுத்து, ஆலோசனையை விடு" என்று எந்த வாசலில் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆலோசகரும் உங்கள் சாமியைக் கேலி செய்தால் அவர் உங்களுக்கானவர் இல்லை.

11. காசைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள்

நகரங்களில் தனியார் உளவியலாளர் ஒரு சந்திப்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம். வாரம் ஒன்று என்றால் நம் வீடுகளுக்குத் தாங்காது. அரசு ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். தனியாரிடம்தான் போக வேண்டும் என்றால், "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிப் பாருங்கள், குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று தள்ளி வைத்தும் நடத்தலாம். நாம் இன்னும் ஆரோக்யஸ்ரீ என்றே சொல்லும் அரசுத் திட்டமான என்.டி.ஆர். வைத்ய சேவாவில் எது சேரும், எது சேராது என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்யமித்ராவிடம் கேளுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு: உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள்.

12. பொருந்தாவிட்டால் மாற்றுங்கள்

செருப்பு கடித்தால் காலை வெட்டுவதில்லை, செருப்பைத்தான் மாற்றுகிறோம். முதல் ஆலோசகர் சரிப்படாவிட்டால் "எனக்கு ஆலோசனையே ஒத்துவராது" என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு சந்திப்பு பொறுங்கள். ஆரம்பத்தில் பேசிவிட்டு வந்தபின் மனசு கனப்பது இயல்புதான்.

சில அடையாளங்களைப் பார்த்தால் மட்டும் பொறுக்க வேண்டாம். வலியைப் பொய் என்கிறவர், "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்" என்று பாட்டாகப் பாடுகிறவர், உங்கள் நேரத்தில் தன் கதையைப் பேசுகிறவர், சாதியைக் கேட்கிறவர், டாக்டரின் மருந்தை நிறுத்தச் சொல்லித் தன்னிடம் பொடி விற்கிறவர், தேவையில்லாமல் தொடுகிறவர். இவர்களிடமிருந்து அன்றே விலகுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் காரணம் சொல்லக்கூட நீங்கள் கடமைப்படவில்லை.

நல்லவரை அறிவதும் கஷ்டமில்லை. சில மாதங்களில் நோய் அப்படியே இருக்கும். நீங்கள் கொஞ்சம் மாறியிருப்பீர்கள். மாத்திரை தவறாது. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வீர்கள். வலி வந்த நாளில் முழு வாழ்க்கையும் போயிற்று என்று தோன்றாது, அன்றைய நாள்தான் போயிற்று என்று தோன்றும்.

13. பொறுக்க முடியாத இரவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்

தீராத வலியில் "போதும் இந்த உயிர்" என்ற நினைப்பு வருவது அபூர்வம் இல்லை. வந்தால் மறைக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416க்குப் போன் போடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது. இந்த நினைப்பைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்பதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் தோப்புக்கு அடிக்கும் மருந்து திண்ணை ஓரத்திலேயே கிடக்கிறது. அதைப் பூட்டி வையுங்கள். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டிவைக்கும் பெட்டகங்களைக் கட்டி ஆய்வு செய்தபோது, இந்த எளிய ஏற்பாடு உயிர்களைக் காக்கக்கூடும் என்று தெரிந்தது. மாதக்கணக்கான மாத்திரையையும் நோயாளியின் தலைமாட்டில் வைக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

14. ஆலோசகர் கிடைக்கும் வரை சும்மா இருக்காதீர்கள்

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, அது கிடைக்கவில்லை என்று சொன்னது. வரிசை நீளம்தான், காத்திருக்க வேண்டிவரும். ஆனால் நல்ல துணை எப்போதும் பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோவாவில் சங்காத் அமைப்பு, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் கடும் மனச்சோர்வே குறைந்ததை 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறார்கள்.

கோவாவில் பயன்பட்ட முறையின் சாரத்தை நீங்களே தொடங்கலாம். நோய் வருமுன் உங்களுக்குப் பிடித்திருந்த ஒரு வேலையை, இன்று உடம்பு தாங்கும் அளவுக்குச் சுருக்கி, நாள் குறித்துச் செய்யுங்கள். பூக்கட்டுவதோ, வாசலில் நடப்பதோ, சிநேகிதருக்குப் போன் போடுவதோ, எதுவானாலும் சரி. மனசு நன்றாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். செய்யச் செய்யத்தான் மனசு கொஞ்சம் எழும். ஊர் ஆஷா அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அதே நோய் உள்ள ஒருவரையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். அடுத்த தடவை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டாக்டர் "வேறென்ன?" என்று கேட்பார். வழக்கமாக "ஒன்றுமில்லை" என்று சொல்லி எழுந்து வருவோம். இந்தத் தடவை அப்படி எழுந்து வராதீர்கள். "மனசும் சரியில்லை, யாரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால், இன்று இரவே 14416க்குப் பேசுங்கள்.